அழுக்குத் துணிக் கூடை

அப்பா – இது என்னன்னு நீயே சொல்லிடு. நான் ஒண்ணும் கேக்கல.

அம்மா – கேக்கலைன்னு சொல்லிக்கிட்டே மூக்குக்கு நேரா நீட்டுறீங்க! பிஸ்கட் பாக்கெட்டு. இதுல நான் சொல்ல என்ன இருக்கு?

அப்பா – பிரிச்ச பாக்கெட்டு. பாதி காலி.

அம்மா – சரி...

அப்பா – அழுக்குத் துணிக் கூடைல இருந்துச்சு. எல்லாத்துக்கும் அடியில. துண்டுக்குள்ள சுத்தி.

அம்மா – மொதல்ல மூட்டையைப் பிடிங்க. சோபா மேல ஏறிட்டான். அடுத்து என் வயித்து மேலதான் குதிப்பான்.

அப்பா – டேய் மூட்டை! இங்க வாடா. அம்மாவுக்குத் தையல் இன்னும்... அப்பப்பா, என்ன கனம்டா! ஒன்றரை வயசுப் பையனைத் தூக்க ரெண்டு ஆள் வேணும் போல.

அம்மா – பிள்ளை மேல கண்ணு வைக்காதீங்க. அந்தத் தலகாணியை இப்படிக் குடுங்க. வயித்தோட அணைச்சுக்கிட்டா அவனை ஓரமா உக்கார வச்சுக்கலாம். நான் தூக்கத்தான் கூடாது. தானா ஏறி வந்தா தப்பில்ல.

அப்பா – பேச்சை மாத்தாத.

அம்மா – மாத்தல. நான் சாப்பிடல. அவ்வளவுதான்.

அப்பா – டாக்டர் என்ன சொன்னாங்க? இன்னும் கொஞ்ச நாளைக்குக் குழைச்ச சாப்பாடுதான். எடை குறையணும்னு இரைப்பைல முக்கால்வாசியை எடுத்துட்டு மிச்சத்தைத் தச்சு வச்சிருக்காங்க. நேத்துகூட தலை சுத்துதுன்னு சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. கண்டதும் உள்ள போனா...

அம்மா – தையல் போட்டது என் வயித்துலங்க. எனக்குத் தெரியாதா?

அப்பா – ஆஸ்பத்திரி வராந்தால உக்காந்திருந்தது நானாச்சே. மடியில மூட்டை, பக்கத்துல அவன் அக்கா வாலு. திரும்ப அங்க போய் உக்கார எனக்குத் தெம்பு இல்ல. அதான் கேக்குறேன். திட்டல.

அம்மா – திட்டுனாக்கூடப் பரவால்ல. இப்படிப் பாவமா பாக்குறீங்க பாருங்க... அது வேணாம்.

அப்பா – அப்ப இது யாரோடது? பூனை கொண்டாந்து வச்சுச்சா?

அம்மா – நம்ம வீட்ல பூனை ஏது?

அப்பா – அதைத்தான் நானும் கேக்குறேன்! அந்த இடம் வேற யாருக்கும்...

அம்மா – எந்த இடம்?

அப்பா – கூடை.

அம்மா – ... உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா – விடு.

அம்மா – இல்ல, சொல்லுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க அந்தக் கூடைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்ததில்ல. துவைக்கிறதெல்லாம் நான்தானே?

அப்பா – ஒரு தடவை டிரைவர் சட்டையைக் காணோம்னு தேடினேன். பஸ் எடுக்க நேரமாச்சுன்னு கூடையைக் கவுத்தேன். அடியில சிப்ஸ், சாக்லேட்டு... எல்லாத்தையும் இருந்த மாதிரியே மூடி வச்சுட்டேன்.

அம்மா – எப்போ?

அப்பா – வாலு நடக்க ஆரம்பிச்ச சமயம்.

அம்மா – அவ இப்ப பள்ளிக்கூடமே போறா! இத்தனை நாளா தெரிஞ்சுமா... ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க.

அப்பா – கேட்டா உன் முகம் செத்துப் போயிடும். மேசைல எங்க முன்னாடி குருவி மாதிரி கொறிப்ப. அப்புறம் கூடை இருக்குற குளியலறைக் கதவைச் சாத்திக்குவ. தண்ணி விழுற சத்தம் கேக்கும், நீ குளிக்கிற சத்தம் கேக்காது. நான் வெளியில கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடுவேன். அப்பவே கதவைத் தட்டியிருக்கணும். அதான் இந்தத் தடவை கேட்டுட்டேன்.

அம்மா – ... கேட்டது நல்லதுதான். ஆனா இந்தத் தடவை நான் இல்லைங்க.

அப்பா – நம்பணும்னு ஆசைதான்...

அம்மா – ஆசை இருந்தா மட்டும் போதுமா, கண்ணும் இருக்கணும். அது என்ன துண்டு?

அப்பா – முயல் படம் போட்டது.

அம்மா – முயல் துண்டு யாரோடது?

அப்பா – வாலுவோடது!

அம்மா – நான் ஒளிச்சா என் துணிக்குள்ள ஒளிப்பேன். இவரு துப்பறியுற லட்சணத்தைப் பாரு!

அப்பா – வாலு! ஏய் வாலு! இங்க வா!

வாலு – நான் ஒண்ணும் பண்ணல!

அப்பா – நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே.

வாலு – அது... மூட்டையோடது.

அம்மா – மூட்டைக்குக் கூடை எட்டாதுடி.

வாலு – அப்ப... அப்பாவோடது.

அப்பா – அடிப்பாவி!

அம்மா – இங்க வா செல்லம். என் பக்கத்துல உக்காரு. திட்ட மாட்டேன். அங்க ஏன் வச்ச?

வாலு – நீ அங்கதானே வைப்ப. நான் பாத்திருக்கேன்.

அப்பா – வாலு, போதும்...

அம்மா – இருங்க, அவ பேசட்டும். ஆமாடா, அம்மா அங்கதான் வைப்பேன். எல்லார் முன்னாடியும் சாப்பிட அம்மாவுக்கு வெக்கமா இருந்துச்சு. உனக்கு என்ன வெக்கம்?

வாலு – வெக்கம் இல்ல. நீ பாத்தா உனக்கும் வேணும்னு தோணும். அப்புறம் உன் வயிறு பிஞ்சிடும்.

அம்மா – யாரு சொன்னா?

வாலு – சொல்ல மாட்டேன். பிராமிஸ் பண்ணிருக்கேன்.

அம்மா – யார்கிட்ட?

வாலு – அப்பாகிட்ட.

அம்மா – ஓஹோ!

அப்பா – அது வந்து... நான் சொன்னது வேற...

வாலு – அம்மா முன்னாடி எதுவும் தின்னாதன்னு அப்பாதான் சொன்னாரு. அப்பாவும் கீழ வண்டியிலயே உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் மேல வருவாரு. நேத்து எனக்கும் குடுத்தாரு. பொரிச்ச கோழி.

அம்மா – பொரிச்ச கோழியா! அதானே பாத்தேன். டீசல் வாசனைல வர்ற மனுஷன் கையைக் கழுவி சோப்பு வாசனைல வர்றாரேன்னு!

அப்பா – சும்மா... ஒரே ஒரு பீஸ்...

வாலு – நாலு பீஸ்.

அப்பா – நீ எந்தக் கட்சி?

அம்மா – ஐயோ... சிரிக்க வைக்காதீங்க... தையல் இழுக்குது... தலகாணி எங்க... அம்மாடி...

அப்பா – ரொம்ப வலிக்குதா?

அம்மா – வலிக்குது. வலிச்சாலும் நல்லாயிருக்கு. யோசிச்சுப் பாருங்க... இத்தனை வருஷம் இந்த வீட்ல ஒளிஞ்சு தின்னது நான் ஒருத்தி. இப்ப மேசைல உக்காந்து சாப்பிடுறதும் நான் ஒருத்திதான். மிச்சப் பேரெல்லாம் திருட்டுத் தீனி!

அப்பா – உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்...

அம்மா – எது கஷ்டம்? பசிக்கலைன்னு நீங்க எழுந்து போறீங்க. வயிறு வலிக்குதுன்னு இவ ஓடிப் போறா. அவ்வளவு பெரிய மேசைல அந்தச் சின்னக் கிண்ணத்தை வச்சுக்கிட்டு நானும் மூட்டையும்... அதுதாங்க கஷ்டம்.

அப்பா – உன் முன்னாடி நாங்க மொறுமொறுன்னு கடிச்சா...

அம்மா – கடிங்க. ஆசை வரும். வந்துட்டுப் போகட்டும், அதைத் தாங்கிக்குவேன். நீங்க ஒளியுறதைத்தான் தாங்க முடியல. நான் எதுக்கு வயித்தை அறுத்துக்கிட்டேன்? இதுங்க பின்னாடி மூச்சு வாங்காம ஓடணும்னுதானே? இவளுக்குக் கூடைல ஒளிக்கக் கத்துக் குடுக்கவா?

வாலு – அப்ப பிஸ்கட்டை மேசைல வைக்கலாமா?

அம்மா – தட்டுல போட்டு வை, ராசாத்தி. முயலைத் துவைக்கப் போடு.

வாலு – அப்பாவோட கோழி?

அப்பா – அது... இன்னைக்கும் வண்டியிலதான் இருக்கு.

அம்மா – இன்னைக்குமா! போங்க, போய் எடுத்துட்டு வாங்க.

வாலு – ஓடுப்பா! ... அம்மா, உன் கிண்ணம். நானே கொண்டு வந்தேன். ஒரு சொட்டு கொட்டல.

அம்மா – மூட்டைக்கும் அவன் கிண்ணத்தைக் குடு. நாற்காலியை இழுத்துப் போடு. எல்லாருக்கும்.

அப்பா – வந்துட்டேன். ஆறிப் போச்சு, பரவால்ல. நிஜமாவே மெல்லட்டுமா?

அம்மா – சத்தமா மெல்லுங்க.

வாலு – நான்தான் ரொம்ப சத்தம்!

அப்பா – எங்க மூணு பேரையும் விட, டாக்டர் சொன்னபடி சாப்பிடுறதுல நீதான் ஒழுங்கு, ஒத்துக்குறேன். தினமும் உன் கிண்ணம் வழிச்சு வச்ச மாதிரி காலியா இருக்கும். ஆனா செக்கப்புக்குப் போனப்ப உடம்புல சத்தே ஏறலைன்னு டாக்டர் ஏன் சத்தம் போட்டாங்க? அதான் எனக்கு இன்னும் புரியல.

வாலு – மூட்டை ஏம்மா கத்துறான்? உன் கிண்ணத்தையே பிடிச்சு இழுக்குறான் பாரு!

அப்பா – அதானே. டேய், உனக்குத்தான் தனியா வச்சிருக்கே? அம்மாவோடதுக்கு ஏன்டா போற?

அம்மா – கத்தட்டும் விடுங்க. இத்தனை நாளா இந்தக் கிண்ணத்தைக் காலி பண்ணினது அவன்தான். தனியா உக்காந்தா எனக்குத் தொண்டையில இறங்கலங்க... இன்னைக்குத்தான் இறங்குது.