உள்ளே நின்ற வண்டி

என் குரல் ஃபோனில் கேட்க நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எரிச்சலோடு எடுக்கிறவர்கள்கூட நான் இரண்டு வார்த்தை பேசியதும் தணிந்துவிடுவார்கள். அதனால்தான் கார் சர்வீஸ் சென்டரில் பில் மேஜையில் இருந்த என்னை வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுப் பேசும் கண்ணாடி அறைக்கு மாற்றினார்கள். சம்பளம் பெரிதாகக் கூடவில்லை. நாற்காலி மட்டும் நல்ல நாற்காலி.

விசாரணைக்கு வந்தபோது நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். என் தங்கையின் வண்டி ஏன் வீட்டுக்குள் நின்றது என்று. துக்கத்தில் இருக்கிறவளிடம் கேட்கிறோமே என்ற சங்கடம் உங்கள் முகத்தில் தெரிந்தது. தண்ணீர் வேண்டுமா என்றும் விசாரித்தீர்கள். தெரியாது என்று அன்றைக்குச் சொல்லிவிட்டேன். அப்போது பேசும் நிலையில் நான் இல்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

கம்பெனி ஒரு மாடல் கார்களைப் பழுது நீக்கித் தருவதற்காகத் திரும்ப அழைத்தபோது எங்களை உட்கார வைத்துக் காரணத்தை விளக்கினார்கள். பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் எண்ணெய் கசிந்தால் மெல்லச் சூடேறித் தீப்பிடிக்கலாம். சாவியை எடுத்த பிறகும் அந்தப் பெட்டிக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆகவே ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஓடும்போது உள்ளே ஆள் இருக்கிறான், வாசனை பிடிப்பான், இறங்கி ஓடுவான். நிற்கும்போது யாருக்கும் தெரியாது. மாற்றுப் பாகம் வரும்வரை வண்டியை வெட்டவெளியில், வீட்டைவிட்டுத் தள்ளி நிறுத்த வேண்டும்.

நாள் முழுக்க இதையே சொன்னேன். ஒரு பெரியவர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. தெருவில் நிறுத்தினால் நாய்கள் கவரைக் கிழிக்கின்றன என்றார். “நாய்க்கும் சேத்து உங்க கம்பெனி பார்ட் குடுக்குமாம்மா?” என்று கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் வெளியே நிறுத்துகிறேன் என்று அவர் வாயால் சொல்லும்வரை ஃபோனை வைக்கவில்லை. என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை.

சொந்தக்காரர்களின் வண்டி என்றால் எங்கள் அறையில் ஒரு வழக்கம். அவரவர் ஆட்களுக்கு அவரவரே நேரில் சொல்லிவிடுவோம். பதிவாகிற ஃபோனில் சித்தப்பாவிடமும் மச்சானிடமும் “மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே” என்று ஆரம்பித்தால் பக்கத்து மேஜையில் இருப்பவள் வாரம் முழுக்கக் கேலி செய்வாள். தங்கையின் வண்டியும் அந்த மாடல்தான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

குழந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கை வீட்டில் வளர்ந்த பெண் நான் பெற்றவள். அவள் வயிற்றில் இருந்தபோது என் கணவர் போய்விட்டார். ஏற்கெனவே இரண்டு பையன்கள். தங்கைக்குக் குழந்தை இல்லை. பெற்ற கையோடு கொடுத்துவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நான் அழவும் இல்லை. அவளுடைய சேட்டையைப் பார்த்துத் தங்கைதான் வாலு என்று பெயர் வைத்தாள். தங்கையை அம்மா என்றும் என்னைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டு வாலு வளர்ந்தாள். இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறாள், நினைத்தால் பார்க்கலாம் என்று இருந்தேன்.

தங்கை கணவருக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. மூன்று பேரும் போவதாக முடிவாயிற்று. ஒரு மாலை, தங்கை துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

“வாலுவை என்கிட்ட விட்டுட்டுப் போயேன். பசங்களும் ஹாஸ்டலுக்குப் போயிட்டாங்க. வீடு வெறிச்சுன்னு இருக்கு.”

“என்னக்கா பேசுற? அவ என் பொண்ணுக்கா” என்றாள். கையிலிருந்த சின்னப் பாவாடையை மடித்து அடுக்கில் வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது.

அதற்குப் பிறகுதான் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் உத்தரவு கம்பெனியிலிருந்து வந்தது. நான் தேடிப் போனதில்லை, அதுவாக வந்தது. இதை நீங்கள் கவனத்தில் வைக்க வேண்டும்.

தங்கையின் வீட்டைப் பார்த்தீர்களே. குறுகலான மாடி வீடு. கீழே கார் ஷெட், நேர் மேலே படுக்கையறை. படிக்கட்டு ஷெட்டை ஒட்டித்தான் ஏறுகிறது. வேறு வழி கிடையாது. நான் போனபோது தங்கை கணவர் ஷெட்டில்தான் நின்றுகொண்டிருந்தார்.

“ஓட்டும்போதுதான் ஆபத்தாம் தம்பி. சூடேறினாத்தான் பத்துமாம். பார்ட் வர்ற வரைக்கும் தொடாம உள்ளயே போட்டு வச்சிருங்க” என்றேன்.

“நீங்க சொன்னா அப்பீலே கிடையாது அண்ணி. ஊரே உங்க பேச்சைக் கேக்குது, நான் கேக்க மாட்டேனா?”

“ஆமா, நான் சொன்னா மட்டும் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்ருவார்” என்றாள் தங்கை, படியிலிருந்து.

அவர் சொன்ன சொல் தவறாத மனிதர். அன்றைக்கே வண்டியை உள்ளே தள்ளி, கவர் போட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டினார். பிறகு அவர் வண்டியை எடுக்கவே இல்லை. வண்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டதாகவும் தனக்குத்தான் பஸ்ஸில் தொங்கித் தோள் இறங்கிவிட்டதாகவும் பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

நான் தீ வைக்கவில்லை. தீப்பிடிப்பது அபூர்வம் என்று கம்பெனியே சொல்லியிருந்தது. வண்டி கருகி, சுவர் கறுத்து, பயணம் கொஞ்சம் தள்ளிப்போனால் எனக்குப் போதும். அதற்குள் தங்கைக்கு மனம் மாறலாம். மனிதர்களுக்கு ஏதாவது ஆகட்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

விடுமுறை நாட்களில் வாலுவை என்னிடம் அனுப்பச் சொன்னேன். நீங்கள் மூட்டை கட்டுங்கள், அவள் காலுக்குள் காலாக நிற்கிறாள் என்று காரணம் சொன்னேன். தங்கை நன்றியோடு அனுப்பினாள். மற்ற நாட்களில் குழந்தை அங்கே படுத்திருக்கிறாளே என்று எனக்குத் தூக்கம் வராது. பெற்ற வயிறு, வேறு என்ன சொல்ல.

மாற்றுப் பாகம் வந்தது. முதலில் வந்தவை கொஞ்சம்தான். அடுத்து யாருக்கு என்று மேலாளர் என்னைக் கேட்டார். அந்த நாய்க்காரப் பெரியவருக்குக் கொடுக்கலாம், பாவம், தெருவில் நிறுத்திக் கஷ்டப்படுகிறார் என்றேன். சொந்தத் தங்கையைப் பின்னுக்குத் தள்ளி ஊராருக்குச் செய்கிறாயே என்று அவர் என்னைப் பாராட்டினார்.

அது நடந்தது ஒரு விடுமுறை நாளின் பிற்பகல். சாப்பிட்டுவிட்டு எல்லா வீடுகளும் அடங்கிக் கிடக்கிற நேரம். வாலுவுக்குத் தலை குளிப்பாட்டி, துவட்டிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. தங்கையின் கடைசி அழைப்பு என் எண்ணுக்குத்தான் வந்தது என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பயத்தில் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்து விட்டுவிட்டீர்கள்.

“அக்கா, கீழ ஏதோ வயர் கருகுற வாசனை வருது. அவர் பாக்க இறங்கியிருக்கார். நான் என்ன பண்ணட்டும்?”

வேறு யாராக இருந்தாலும் என் வாய் தானாகவே சொல்லியிருக்கும். எதையும் எடுக்காதீர்கள், ஷட்டரைத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ பாயும், எல்லோரும் உடனே வெளியே வந்துவிடுங்கள். துவாலையை வாலுவின் தலையில் சுற்றிவிட்டு நான் ஜன்னல் பக்கம் போனேன்.

“பயப்படாத. அவர் ஷட்டரைத் திறந்து பாக்கட்டும். நீ ரூம் கதவைச் சாத்திக்கிட்டு மேலயே இரு.”

“சரிக்கா.” அவள் இருமினாள். “வாலுவை இப்ப கூட்டிட்டு வந்துராத. இந்தப் புகை அவளுக்கு ஆகவே ஆகாது.”

“சரிம்மா” என்றேன். வைத்துவிட்டேன்.

குழந்தையின் தலையைத் துவட்டி முடித்தேன். சிக்கெடுத்துப் பின்னினேன். அவளுக்கு முடி அடர்த்தி, நேரம் பிடித்தது. தீயணைப்பு வண்டிகளின் சத்தம் கேட்டபோது கடைசிப் பின்னலை முடிந்துகொண்டிருந்தேன்.

இப்போதும் அதே கண்ணாடி அறையில்தான் வேலை பார்க்கிறேன். வண்டியை வெளியே நிறுத்துங்கள் என்று சொல்லி முடித்ததும் மறுமுனையில் ஓர் இருமல் கேட்கிறது. லைன் சரியில்லை என்று பக்கத்து மேஜையில் இருப்பவள் சொல்கிறாள். என் ஃபோனை மாற்றிக் கொடுத்தார்கள். அதிலும் கேட்கிறது. இருமல் அடங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்துவிட்டுப் பிறகுதான் நான் அடுத்த வாக்கியத்துக்குப் போகிறேன்.

வாலு என்னோடுதான் இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். சேட்டை குறைந்துவிட்டது, பொறுப்பு வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாலையானால் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ பெரியம்மா என்று கேட்கிறாள். அடம் பிடிப்பதில்லை, ஒரு முறை கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் கூட்டிப் போகவில்லை. அந்தத் தெருப் பக்கமே அவளை விட்டதில்லை. தங்கை என்னிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அவள் பேச்சை நான் தட்டவே இல்லை.