பந்தேயின் டம்ளர்

— ஏன்னா, அந்த வரியை மட்டும் எடுத்துடுங்கோ.

— எந்த வரியை?

— 'என் வீட்டில் பந்தேயும் நானும் ஒரே டம்ளரில் காபி குடித்தோம்'னு எழுதியிருக்கேளே, அதை.

— காமு, பந்தே போய் இன்னிக்கு ஏழாம் நாள். புத்த விகாரைல நான்தான் முதல்ல பேசணும். பாதிரியார், மௌல்வி, ஜாதவ்பூர் யுனிவர்சிட்டில என்கிட்ட பௌத்தம் படிச்ச பசங்க, எல்லாரும் வரா. சமய உரையாடல்னு ஆயுசு பூரா பேசினவன், 'பிக்ஷு நல்ல மனுஷர்'னு மட்டும் சொல்லிட்டு உக்காரட்டுமா?

— அதுக்காகப் பொய் சொல்லுவேளா?

— எது பொய்?

— அடியில மூணு புள்ளி வச்ச டம்ளர். பந்தேக்குன்னு தனியா, பால்கனி ஜன்னல்ல கவுத்து வைக்கச் சொன்னது யாரு?

— அது அம்மாவுக்காகடி. மடி, ஆசாரம்னு உசிரை எடுப்பா. நீயுந்தானே பட்டே?

— அம்மா போய் இருபத்திமூணு வருஷமாச்சு. அப்புறமும் அவர் வந்து உக்காந்த உடனே உள்பக்கம் திரும்பி, 'அவர் டம்ளர்தானே?'ன்னு கேட்டேளே, அது யாருக்காக?

— பழக்கம் காமு. வாய் தானா கேட்டுடும். கேட்டப்புறம் வெக்கமா இருக்கும். புத்தர் ஜாதி பாக்கலைன்னு பதினோரு புஸ்தகம் எழுதினவன் நான்.

— அந்த டம்ளர் ஆத்துலேயே இல்லை. அம்மாவோட பதிமூணாம் நாள் முடிஞ்ச கையோட பாத்திரக்காரன்கிட்ட போட்டுட்டேன். நீங்க கேக்கறச்சே 'ஆமா'ம்பேன். அலமாரில எது கைக்கு வந்ததோ, அதுல குடுப்பேன். அவர் நேத்திக்குக் குடிச்சதுல இன்னிக்கு நீங்க குடிப்பேள்.

— அடிப்பாவி! இத்தனை வருஷமாவா? அப்பாடா... அப்போ வரி பொய்யில்லையே! நல்ல வேளை, நான் கேட்டதெல்லாம் தமிழ்ல. அவரோ சிட்டகாங் பெங்காலி. ஒண்ணும் தெரியாம நிம்மதியா போய்ட்டார். என்ன, அழறியா?

— நீங்க கொழும்பு, பாங்காக்னு மாநாட்டுக்குப் போயிடுவேளே, அப்பல்லாம் 'பௌதி, பௌதி'ன்னு மன்னியைத் தேடி நோட்டோட வருவார். பழைய தமிழ் பௌத்தப் பாட்டு ஒண்ணைப் படிச்சு, உங்க அறுபதாம் கல்யாணத்தன்னிக்கு சபையில சொல்லி, அண்ணாவா நினைச்சு 'தாதா'ன்னு கூப்பிடற உங்களை அசத்தணும்னு ஆசை அவருக்கு. நான்தான் ஆனா ஆவன்னாலேர்ந்து சொல்லிக்குடுத்தேன்.

— அன்னிக்கு வந்தாரே. வாயே திறக்கலையே?

— 'வேண்டாம் பௌதி. தாதா இன்னும் என் டம்ளரைக் கேக்கறார். எனக்குப் புரியும்னு தெரிஞ்சா அவருக்குத் தாங்காது'ன்னார். தமிழ்லதான் சொன்னார்.