நாக்கு உருட்டல்

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன். எழுபத்துநான்கு வயதில் பொய் சொல்லி நான் எந்தப் பரீட்சையில் பாஸ் பண்ணப்போகிறேன்?

எனக்கு மீன் வாங்கத் தெரியும். விசயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கண் தெளிவாக இருக்கவேண்டும், செவுள் சிவந்திருக்கவேண்டும், வயிற்றை அழுத்தினால் விரல் பதிந்த குழி உடனே நிமிரவேண்டும். ஞாயிறு காலைகளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து மயிலிட்டித் துறைமுகம்வரை மோட்டார்சைக்கிளில் போய், இந்த மூன்றையும் பார்த்துத்தான் வாங்குவேன். ஒருநாள் பஞ்சலிங்கம் என்ற படகுக்காரரின் விளைமீனை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்திருக்கலாம்.

“என்ன மாஸ்டர், மீனுக்குச் சாதகம் பாக்கிறியளோ? செவ்வாய்தோசம் இருக்கோ எண்டு வடிவாப் பாருங்கோ” என்றார் பஞ்சலிங்கம்.

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த கிறிஸ்ரோபர் தலையை நிமிர்த்தாமலே, “விடு அண்ணை, கலியாணம் கட்டாத மனுசன். மீனோடையாவது பொருத்தம் பாக்கட்டும்” என்றார்.

துறைமுகம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மீனையும் வாங்கினேன். நல்ல மீன்.

அடுத்த கிழமை என் ரியூசன் கொட்டிலின் கரும்பலகையில் ‘மீன்சாதகம்’ என்று எழுதியிருந்தது. முப்பத்தொரு வருடம் சயன்ஸ் மாஸ்டராக இருந்தவன், ஒரே கிழமையில் மீன்சாதகம் ஆகிவிட்டேன். சந்தையில் மரக்கறிக்காரி கத்தரிக்காயை நீட்டி, “இதுக்கும் பாக்கிறியளோ?” என்று கேட்டாள். கோபம் வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. ஞாபகம் வைத்திருக்கிற ஆள்.

இரண்டு வருடம் கழித்து, பதினோராம் ஆண்டு வகுப்பில் சேர ஒரு பிள்ளை பலாலி வீதி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெயர் ஆரணி. அப்பா பஞ்சலிங்கம், மயிலிட்டி. நான் தேடிப் போகவில்லை. அவளாகத்தான் வந்தாள்.

பிறப்புரிமையியல், அதாவது மரபியல், படிப்பிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கலம் பாதியாகப் பிரிகிற ஒடுக்கற்பிரிவுக்கு நான் படம் கீறுவதில்லை. கொட்டில் வாசலில் பிள்ளைகள் கழற்றிவிட்ட செருப்புகளில் இருபத்துமூன்று சோடியை எடுப்பேன். ஒவ்வொரு சோடியையும் பிரித்து, ஒன்றை இந்தக் குவியலிலும் மற்றதை அந்தக் குவியலிலும் கண்ணை மூடிக்கொண்டு எறிவேன். சோடிசோடியாக இருந்த நிறமூர்த்தங்கள், அந்தக் குரோமசோம்கள், இப்படித்தான் பிரிந்து பாதியாகின்றன. அப்பாவிடமிருந்து ஒரு குவியல், அம்மாவிடமிருந்து ஒரு குவியல். இரண்டும் சேர்ந்தால்தான் மறுபடி சோடி, அதுதான் பிள்ளை. பாடம் முடிந்தபின் செருப்புத் தேட அரை மணித்தியாலம் போகும். லக்சன் என்று ஒருவன் அவசரத்தில் இரண்டு இடக்காற் செருப்புகளை மாட்டிக்கொண்டு போய், அதுவே பழகி, பிறகு சீவியத்தில் வலக்காற் செருப்பே வாங்கவில்லை.

அடுத்த பாடம் நாக்கு. நாக்கின் இரண்டு ஓரங்களையும் மேலே மடித்துக் குழாய்போல உருட்ட முடிந்தால் அது ஆட்சியான இயல்பு. அந்தப் பரம்பரையலகு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், நாக்கு உருளும். இரண்டு பேருக்கும் உருளாவிட்டால், கொடுப்பதற்கு அவர்களிடம் அது இல்லை; பிள்ளைக்கும் உருளாது. நானே எழுதி அச்சடித்துக் கொடுக்கும் ரியூட்டில் பதினாலாம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. வகுப்பில் முதலில் நான் உருட்டிக் காட்டுவேன், பிறகு பிள்ளைகள் உருட்டுவார்கள். நிருஷன் என்று ஒருவனுக்கு நாக்கு அவ்வளவு அழகாக உருளும். கோயிற் கூழுக்கு எல்லாரும் பனையோலையை மடித்துப் பிளா என்கிற கிண்ணம் கோலிக் காத்திருக்க, அவன் நாக்கையே பிளாவாக்கி இரண்டு பானை குடித்தான்.

வீட்டுவேலை ஒன்றும் உண்டு. வீட்டில் யார் யாருக்கு நாக்கு உருளுகிறது என்று அட்டவணை போட்டுக்கொண்டு வரவேண்டும். பாடத்தோடு ஒத்துப்போகாத அட்டவணை வருடத்துக்கு ஒன்றிரண்டு வரும். அப்படி வந்தால், “வடிவாப் பாக்கேல்லை, திரும்பப் பார்” என்று அனுப்புவேன். மறுநாள் ஒத்துப்போகும். பிள்ளைகள் கெட்டிக்காரர்.

ஆரணியின் நாக்கு வெற்றிலைச் சுருள்போல உருளும். அவள் கொண்டுவந்த அட்டவணையில் மூன்றே வரிகள். அப்பா, இல்லை. அம்மா, இல்லை. நான், ஓம்.

“அப்பா எவ்வளவு தெண்டிச்சும் ஏலேல்லை சேர்” என்றாள். “கரையிலை போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். அம்மா சிரிச்ச சிரிப்பிலை புட்டுக் கருகிப்போச்சு.”

திரும்பப் பார் என்று நான் சொல்லவில்லை. சிவப்புப் பேனையால் அந்த மூன்று வரிகளையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு அவளிடமே கொடுத்தேன். பிறகு முழு வகுப்பையும் பார்த்துக் கேட்டேன்.

“தாய்க்கும் உருளாது, தகப்பனுக்கும் உருளாது. பிள்ளைக்கு உருளுமோ?”

“உருளாது சேர்” என்றார்கள் எல்லாரும். அவளும் சேர்ந்துதான் சொன்னாள், நல்ல பலமாக. சொல்லிவிட்டுத்தான் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

நாலாம் நாள் பஞ்சலிங்கம் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பிள்ளைகள் உட்காரும் வாங்குக்குப் பக்கத்தில் நின்றார்.

“மாஸ்டர், பிள்ளை சாப்பிடுறாளில்லை. என்ரை முகத்தைப் பாக்கிறாளில்லை. உந்த நாக்கு விசயம் உண்மையோ?”

“இருங்கோ பஞ்சலிங்கம்.”

“இருக்க வரேல்லை. ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுங்கோ.”

“நான் சொல்லுறதுக்கு என்ன கிடக்கு? அச்சிலை கிடக்கு, வாசியுங்கோ.”

ரியூட்டின் பதினாலாம் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார். விரலில் தூண்டில் கிழித்த தழும்புகள்.

“இது எப்பவாவது பிழையாப் போறதில்லையோ?”

“எனக்கு உங்கடை வீட்டு விசயம் தெரியாது. சயன்ஸ் மட்டும்தான் தெரியும்.”

ரியூட்டை மூடி வாங்கில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்டைக்கு நான் சும்மா பகிடிக்குத்தான் சொன்னனான், மாஸ்டர்” என்றார்.

“எந்தப் பகிடி?” என்று கேட்டேன்.

போகும்போது ஒரு காலில் அவருடைய செருப்பு, மற்றக் காலில் என்னுடையது. அவருக்குத் தெரியவில்லை. நான் கூப்பிட்டுச் சொல்லவுமில்லை. அவருடைய ஒற்றைச் செருப்பு இன்னும் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. சோடி பிரித்தலுக்கு நல்ல உதாரணம்.

அதன்பிறகு அவர் வீட்டில் படுக்கவில்லை. கடற்கரையில் வலை வைக்கிற வாடியில் படுத்தார். அவருடைய மனிசி புஸ்பராணி, கோயில் வாசலில் ஊர் பார்க்கக் கற்பூரம் கொளுத்தி உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள். கை பொக்களித்ததாம். கற்பூரத்துக்கு ஊரில் மரியாதை உண்டுதான், ஆனால் அச்சடித்த எழுத்துக்கு இருக்கிற மரியாதை இல்லை. பஞ்சலிங்கம் படகைக் கிறிஸ்ரோபரிடம் ஒப்படைத்துவிட்டு முல்லைத்தீவுக்குப் போனார். போனவர் போனவர்தான்.

ஒரு மாதம் கழித்து ஆரணி வகுப்பு விட்டபின் என்னிடம் வந்தாள். வாயைத் திறந்து காட்டினாள். நாக்கின் இரண்டு ஓரங்களிலும் சூடு வைத்திருந்தாள்.

“இப்ப உருளாது சேர்” என்றாள். சொற்கள் வழுக்கி வழுக்கி வந்தன. “அப்பாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் வருவார்.”

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வடிவாகப் பார்த்தேன். மீனைப் பார்க்கிற அவ்வளவு நேரம் பார்த்தேன்.

“உடம்பிலை பிறகு செய்யிற மாற்றம் பரம்பரைக்குப் போகாது, பிள்ளை” என்றேன். “பதினேழாம் பக்கம்.”

அடுத்த கிழமை அந்தப் பக்கத்தைப் படிப்பிக்கும்போது, பெயர் சொல்லாமல், இதையே உதாரணமாகச் சொன்னேன். அந்த வருடப் பரீட்சையில் என் வகுப்பில் அந்தக் கேள்விக்கு ஒருவர்கூடப் பிழைவிடவில்லை. ஆரணி பரீட்சை எழுதவில்லை. தாயும் மகளும் இப்போது மானிப்பாயில் ஒரு தையற்கடையில் வேலை செய்கிறார்கள். கடைக்குப் போனால் அந்தப் பிள்ளை வாய் திறக்காது, அளவுநாடாவைப் பிடித்துக் காட்டும். கடைக்குப் போய்த்தான் பார்த்தேன். எனக்கு ஒரு சேட் தைத்தார்கள். அளவு சரியாக இருந்தது.

பொலிஸ் என்னைத் தேடி வரவில்லை. வந்து எதைக் கேட்பார்கள்? ஒரு வட்டம் போட்டேன், ஒரு பக்கத்தைத் திறந்தேன். அந்த வீட்டை உடைத்தது நான்தான் என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமென்றுதான் உடைத்தேன். ஆனால் பிழையாக ஒன்றும் படிப்பிக்கவில்லை. மாஸ்டர் என்கிறவன் பாடத்தை மாற்றக்கூடாது.

விபரம் ஒன்று விட்டுப்போய்விட்டது. என் அப்பாவுக்கும் நாக்கு உருளாது, அம்மாவுக்கும் உருளாது; நான் பதினொரு வயதில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, மூன்று நாளில் உருட்டப் பழகினேன்.