பத்துக்குண்டார் சொல்லாமல் விட்ட லாட்

மேடையில் வீற்றிருக்கும் கழகத் தலைவர், பல் மருத்துவர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே! அண்ணியின் பக்கத்தில் இருக்கும் மருமகளே! துப்பாக்கிச் சத்தம் ஆகாது என்பதால் இன்று யாரும் சுடப்போவதில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே வந்திருக்கும் அண்ணன் மகனே! லிஃப்ட் கம்பெனி நண்பர்களே, உறவினர்களே, துப்பாக்கி சுடும் கழகத்தின் உறுப்பினர்களே! அண்ணனின் நினைவுக்காக வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள், சொல்லும்போது இரண்டு வரி சேர்த்துச் சொல்வார்கள். எங்கள் கழகத்தைப் பற்றி எனக்குத் தெரியும். அந்த இரண்டு வரியைச் சேர்ப்பவன் பெரும்பாலும் நான்தான்.

அன்று நண்பகலில் அண்ணி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உங்க அண்ணன் போயிட்டாரு" என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஐயோ" என்றிருக்க வேண்டும். "எப்படி அண்ணி" என்றிருக்க வேண்டும். எதுவும் வராவிட்டால் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்க வேண்டும். நான் கேட்டது என்ன தெரியுமா?

"எந்த லாட்னு சொன்னாரா அண்ணி?"

அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "சொல்லலை தம்பி" என்றார், தண்ணீர் வந்ததா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப்போல.  ஃபோனை வைத்துவிட்டோம். என் கண்ணாடிக் கடையில் ஒருவர் சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய், "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு வேலையை முடித்தேன். அவருக்குப் பவர் சரியாகவே வந்தது. எனக்கு அதுதான் இன்றுவரை புரியவில்லை.

அன்றிலிருந்து, சுடும்போது மாட்டும் காதடைப்பை மாட்டிக்கொண்டு நடமாடுவதைப்போல் இருக்கிறது. எல்லோர் வாயும் அசைகிறது. டீ தருகிறார்கள், குடிக்கிறேன். அழுதாயா என்று கேட்டால் இல்லை. அழ வராத ஒருவனையா பேசக் கூப்பிட்டீர்கள் என்று தலைவரிடம் கேட்டேன். "அழறவங்க யாராலயும் பேச முடியலைய்யா, நீதான் மிச்சம்" என்றார்.

உறவினர்களில் பலருக்கு அண்ணன் இங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்றே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆள் காணாமல் போவார், அவ்வளவுதான் தெரியும். சொல்கிறேன்.

இவர் பிழைப்பு லிஃப்ட் பழுது பார்ப்பது. லிஃப்டில் ஏறினால் நாமெல்லாம் கதவைப் பார்ப்போம். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அந்தக் காதையும் பொறுமையையும் அப்படியே கொண்டுவந்து எங்கள் தோட்டாக்களுக்குக் கொடுத்தார். நாங்கள் சுடுவது சின்னத் தோட்டா, இருபத்திரண்டு ரகம். நடுவில் அல்ல, அடிவிளிம்பில் ஊசி தட்டி வெடிப்பது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டி. ஆனால் ஒவ்வொரு தடவை தயாராகும்போதும் ஒரு தனி எண் போடுவார்கள். அதுதான் லாட். ஒரு லாட் ஒரு துப்பாக்கியில் தேன்போல் போகும். பக்கத்துத் துப்பாக்கியில் அதே லாட் பேய் பிடித்ததுபோல் ஆடும். ஏன்? தெரியாது. யாருக்கும் தெரியாது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சுட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர். சுட்டுப் பார்த்தது யார்? இவர்தான்! எங்கள் ஒவ்வொருவரின் ரைபிளையும் ஆடாமல் பிடிக்கும் இரும்பு வைஸில் இறுக்கி, ஐம்பது மீட்டரில் அட்டையைத் தொங்கவிட்டு, லாட்டுக்குப் பத்து பத்தாகச் சுட்டு, பத்து ஓட்டையும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கிறது என்று அளந்து சொன்னது யார்? இவர்தான்! எதைக் கேட்டாலும் "பத்து குண்டு போகட்டும்" என்பதே பதில். அதனால் அவருக்குப் பத்துக்குண்டார் என்று பெயர் வைத்தோம். வைத்தவன் நான். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். "குண்டர்னு வைக்காம விட்டியே" என்றார்.

நம் தலைவர் வெளிநாட்டு ரைபிள் ஒன்று வாங்கினார். அதற்கு ஏற்ற உயர்ந்த ரகத் தோட்டாவும் வாங்கினார். பத்துக்குண்டார் போட்டுப் பார்த்தார். பிறகு, புதிதாகச் சேருபவர்கள் பழகச் சுடும் சாதாரணத் தோட்டாவையும் சும்மா போட்டுப் பார்த்தார். இரண்டு அட்டையையும் கையில் கொடுத்து, "டாக்டர், உங்க துப்பாக்கிக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் ஒத்துவரலை" என்றார். தலைவர் சிரிக்கிறார், பாருங்கள். அன்று சிரிக்கவில்லை.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் ரைபிளை வைஸில் வைத்து அவர் சுட்டால் பத்தும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள். அதே துப்பாக்கி, அதே பெட்டி, படுத்துச் சுட்டது நான் என்றால் சாப்பாட்டுத் தட்டு அளவு. அட்டையை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "தோட்டா நல்லாருக்கு. துப்பாக்கி நல்லாருக்கு. மிச்சம் யாரு இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க தம்பி" என்றார்.

கூட்டத்தை விட்டு விலகி விழும் குண்டுக்கு நாங்கள் வைத்த பெயர் ஓடுகாலி. சுடுபவர்கள் எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஓடுகாலியின்மேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொண்டு, "இதை விட்டுப் பாருங்க, எவ்வளவு அழகு" என்பார்கள். "மூச்சு விட்டுட்டேன்", "கொசு கடிச்சிருச்சு" என்பார்கள். இவரிடம் அந்தக் கதை நடக்காது. "விரலை எடுங்க. அதுவும் உங்க குழாயில பொறந்ததுதான்." ஒரு குண்டை, ஒரே ஒரு குண்டை, யாருக்காகவாவது கணக்கில் விட்டிருப்பாரா? மாட்டார்!

இன்னொன்று. தோட்டாவின் மேல் மெழுகு இருக்கும். வேறு கம்பெனித் தோட்டாவுக்கு மாறினால் பழைய மெழுகு குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும், புதியது கொஞ்சம் தறிகெட்டுத்தான் போகும். அதை வைத்துக் குறை சொல்லக் கூடாது. மருமகள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் சமையலறை அலமாரியை அடியோடு மாற்றி அடுக்கிவிட்டாள். அண்ணி இவரிடம் முறையிட்டார். "பழைய மெழுகு குழாயில இருக்கறப்ப புதுத் தோட்டாவைக் குறை சொல்லக் கூடாது. பத்து குண்டு போகட்டும்" என்றார் இவர்.

"அப்ப பழைய மெழுகு யாரு?" என்று கேட்டார் அண்ணி.

அன்று பத்துக்குண்டார் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகச் சுடுதளத்துக்கு வந்து, வழக்கத்தைவிடத் தாமதமாக வீட்டுக்குப் போனார்.

அந்த மருமகள்தான், சாப்பிட வரச்சொல்லி ஒருநாள் இவரைக் கூப்பிட வந்தவள், ஒரு கை சுட்டுப் பார்க்கிறேன் என்று படுத்தவள், இன்று எங்கள் கழகத்தின் முதல் கை. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தேர்வுப் போட்டி. இதை விட்டால் அடுத்த வருடம்தான். அதற்காகத் தோட்டாக் கடையிலிருந்து இரண்டு லாட் வந்தது. எண்ணைப் பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்று ஒரு பெட்டிக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட், ஒன்றுக்குப் பச்சை ரப்பர் பேண்ட் போட்டு அவளுடைய ரைபிளில் சோதித்தார். சோதித்த அன்றே முடிவைச் சொல்லிவிடுவது அவர் வழக்கம். இந்த முறை சொல்லவில்லை. கேட்டால், "இன்னும் மெழுகு போகலை" என்றார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மெழுகு. எந்த மெழுகு போக வேண்டும்? நான் கேட்கவில்லை. அவரிடம் மெழுகைப் பற்றிக் கேள்வி கேட்க நான் யார்?

அவர் போன அன்று காலை சுடுதளத்துக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அண்ணி தட்டு எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது மேசையில் இரண்டு அட்டைகள், மேலே மூக்குக்கண்ணாடி. நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி. தலை சாய்ந்திருந்தது. அவ்வளவுதான். எப்போதும் அட்டைக்குப் பின்னால் எந்த ரப்பர் என்று எழுதிவைப்பார். அந்த இரண்டிலும் ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்து வீடு காலியானபின் மருமகள் என்னிடம் சொன்னாள்: "நான் ஞாயித்துக்கிழமை போகலை சின்ன மாமா. எந்தத் தோட்டான்னே தெரியாம எப்படிப் போறது?"

தோட்டா ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் வேறு என்ன பேசுவது? "வா, சுட்டுப் பாத்துருவோம்" என்றேன். வந்தோம். அவர் காதடைப்பு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ரைபிளை வைஸில் இறுக்கினோம். சிவப்பு ரப்பர் பத்து குண்டு: பொத்தான். பச்சை ரப்பர் பத்து குண்டு: வறுத்த கடுகு தெறித்ததுபோல். கண்ணாடிக்காரன் எதற்கு? கண்ணே தெரியாதவர்கூட விரலால் தடவிச் சொல்லிவிடலாம், சிவப்பு என்று.

சிவப்பு ரப்பர் பெட்டியில் இருந்த எண்ணோடு தோட்டாக் கடைக்காரரிடம் போனோம். "அந்த லாட்ல ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம். அவர் சோதிச்ச அன்னைக்கே எடுத்து வைக்கச் சொல்லிட்டாரு" என்றார். "யாருக்குன்னு சொன்னாரா?" என்றேன். "அதைச் சொல்லலையே" என்றார்.

யாருக்கு என்று சொல்ல வேண்டுமா? கேட்கிறேன், சொல்ல வேண்டுமா? எத்தனையோ வருடங்களாக ஒரு போட்டியில்கூட நிற்காதவர்! "எனக்கெதுக்குத் தம்பி" என்று ஒதுங்கியவர்! எங்கள் அலமாரியில் இருக்கும் கோப்பைகளில் அவர் பெயர் பொறித்தது ஒன்றுண்டா? ஆனால் அவர் தேர்ந்த தோட்டாவால் வராத கோப்பை ஒன்றுண்டா? முதல் நாளே தெரிந்துவிட்ட முடிவை ஏன் சொல்லாமல் வைத்திருந்தார்? அன்பு, ஐயா, அன்பு! தன் மருமகள் விஷயத்தில் ஒரு குண்டுகூடத் தவறிவிடக் கூடாது என்று மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்த அன்பு! இப்படித்தான் நேற்று என் உரையை எழுதி முடித்தேன். மருமகளிடம் வாசித்தும் காட்டினேன். "நல்லாருக்கு சின்ன மாமா. ஆனா போகணும்னு இன்னும் தோணலை" என்றாள்.

எனவே இந்த மன்றத்தின் முன் உறுதி சொல்கிறோம். அந்த வைஸ் அதே மேசையில் இருக்கும். யார் தோட்டா கொண்டுவந்தாலும் பத்து குண்டு போகும். ஒன்பதோடு நிறுத்த மாட்டோம். ஓடுகாலியின்மேல் விரல் வைக்க மாட்டோம். புதிதாக வருபவரை முதல் குண்டை வைத்து எடைபோட மாட்டோம். இந்த வேலையை நானும் மருமகளும் எடுத்துக்கொள்கிறோம். நான் அட்டை மாற்றுவேன். சுடச் சொல்லாதீர்கள்.

உட்காருவதற்கு முன்னால் ஒன்று. அண்ணியிடமும் மருமகளிடமும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்று காலை போட்டி நடத்துபவர்கள் மருமகளுக்கு ஃபோன் செய்தார்கள். துக்கம் கேட்க அல்ல, அவர்களுக்கு விஷயமே தெரியாது. "உங்க மாமனார் பேர் குடுத்துட்டு இன்னும் வரிசை எண் வாங்கலை. ஞாயித்துக்கிழமை சுட வராரா, இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அவள் நேரே என் கடைக்கு வந்தாள். கடையைச் சாத்திவிட்டு, அவருடைய பழைய ரைபிளை எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்கு வந்தோம். எண்ணெய் போட்டுத் துடைத்துத் தயாராக இருந்தது. வைஸில் வைத்துச் சிவப்பு லாட் பத்து குண்டு போட்டோம். பொத்தான்கூட இல்லை. ஒரே ஓட்டை, கொஞ்சம் பெரிய ஓட்டை.

மருமகள் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"பெட்டி ஒண்ணுதான மிச்சம் இருந்துச்சு?"

"ஒண்ணுதான்மா."

"அதான் மனுஷன் வாயைத் தொறக்கலை." அட்டையைப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நான் ஞாயித்துக்கிழமை போறேன் சின்ன மாமா. எனக்குத் தெரியாம என்னைத் தோக்கடிக்கப் பாத்திருக்காரு. விட்டுருவேனா?" என்றாள்.

அண்ணியிடம் வந்து சொன்னோம். அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மூத்தவங்களுக்குன்னு தனிப் பிரிவு இருக்குமே, அதுலதான குடுத்திருப்பாரு?"

நான் போட்டிக்காரர்களை அழைத்து விசாரித்தேன். இல்லையாம். மருமகள் சுடும் அதே பிரிவு, சுடுதளத்தில் அவளுக்குப் பக்கத்து இடம்.