மேஜருக்கு ஐந்து மணிக்குச் சாப்பாடு

நாய்க்கு நேரம் தவறாமல் சாப்பாடு வைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வயிறும் ஒரு கடிகாரம்தான். பழக்கிய நேரத்தில் சுரக்கும், பழக்கிய நேரத்தில் கேட்கும். ஆகவே, எனக்கு நாய்களைப் பிடிக்காது என்று ரொட்டிக்கடை மரிவொன் உங்களிடம் சொல்லியிருந்தால், ஐயா, உங்கள் குறிப்பேட்டில் அதை அடித்துவிடுங்கள். நாய்களிடம் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வரிசையாகச் சொன்னால்தான் எதுவும் விளங்கும். நடுவில் குறுக்கிடாமல் இருந்தால் போதும்.

தோட்டத்தின் அடியில் இருக்கும் சின்ன வீட்டைக் கோடையில் வாடகைக்கு விடுகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வரும் இங்கிலாந்துக்காரர்கள். பிரான்சின் இந்தப் பிரெத்தானிக் கடற்கரை என்றால் அவர்களுக்கு நாயை அவிழ்த்துவிடும் மைதானம், அவ்வளவுதான். இந்த வருடம் வந்தவர்கள் ராட்னி கட்புஷ், அவர் மனைவி ஹிலரி. இருவருக்கும் அறுபதுக்கு மேல். கூடவே இரண்டு நாய்கள்: கொழுத்த லாப்ரடார் மேஜர், கைக்குள் அடங்கும் டெரியர் பட்டன். வண்டியிலிருந்து இறங்கிய சாமான்களில் மனிதர்களுடையது இரண்டு பெட்டி. மற்றதெல்லாம் நாய்களுடையது. மெத்தைகள், பெயர் தைத்த துண்டுகள், கேன் கேனாகத் தண்ணீர். பட்டனுக்கு வயிறு லேசானதாம், பிரெஞ்சுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம். நாங்கள் இத்தனை தலைமுறையாக அதைக் குடித்து என்ன ஆனோம் என்று நான் கேட்கவில்லை.

சாவியைக் கொடுக்கப் போனபோது ராட்னி நாற்காலிமேல் ஏறி நின்று சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். முள்ளை ஒரு மணி பின்னால் தள்ளி மறுபடி மாட்டினார்.

"அது சரியாத்தான் ஓடுது" என்றேன்.

"உங்களுக்குச் சரி மொஸ்யே. மேஜருக்கு இது சரியில்ல" என்றார்.

ஹிலரி பின்னாலிருந்து விளக்கினாள். "அஞ்சு மணின்னா அவனுக்கு அஞ்சு மணிதான். ரெண்டு வார லீவுக்காக அவன் வயித்தைப் பிரெஞ்சு வயிறா மாத்த முடியுமா, சொல்லுங்க. போன வருஷம் ஸ்பெயின்ல மாத்திப் பாத்தோம். கார்ப்பெட் போச்சு."

கைக்கடிகாரங்களும் இங்கிலாந்து நேரத்திலேயே ஓடின. கைபேசிகளை வந்த அன்றே அணைத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்கள். விடுமுறையை விடுமுறையாக இருக்க விடுவதாம். அதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

ஊருக்கே இது வேடிக்கையாகிவிட்டது. மரிவொன் மதியம் கடையைச் சாத்திய பிறகுதான் ராட்னி கூடையோடு வந்து கண்ணாடியைத் தட்டுவார். "பன்னெண்டரைக்கே சாத்திட்டா எப்படிம்மா?" என்பார். "ஒன்றரை ஆச்சு துரை. உங்க ராணி காலத்துக் கடிகாரத்தைக் கழட்டிக் கடல்ல போடுங்க" என்று அவள் உள்ளிருந்து கத்துவாள், பிறகு சிரித்துக்கொண்டே ஒரு ரொட்டியை எடுத்துக் கொடுப்பாள். அவர் ஒவ்வொரு நாளும் தாமதமாகத்தான் வந்தார். ஒவ்வொரு நாளும் தவறு பிரான்சுடையதாகத்தான் இருந்தது. நேரத்தைக் கூட இன்னொருவர் வீட்டில் செருப்போடு நடத்திக்கொண்டு போகிற ஜனங்கள்.

இதற்காகவெல்லாம் யாரும் யாரையும் ஒன்றும் செய்துவிடுவதில்லை. நானும் செய்யவில்லை.

என் வீட்டுக்கு எதிரே கடலில் ஒரு குட்டித் தீவு இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாங்கள் பெண்குதிரை என்போம். மேலே ஓர் இடிந்த தேவாலயம். கடல் வடிந்ததும் கரையிலிருந்து அதற்குக் கூழாங்கல் பாதை ஒன்று வெளியே வரும். போகலாம், வரலாம். கடல் ஏறினால் பாதை இருக்காது. இங்கே வந்து தங்குகிற ஒவ்வொருவரையும் என் மாடி ஜன்னலுக்கு அழைத்துப் போய் இதை விளக்குவது என் வழக்கம். வேறு யாரும் இதை ஒழுங்காக விளக்குவதில்லை. எச்சரிக்கைப் பலகை வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பலகையைப் படித்து யாருக்கு என்ன விளங்கியிருக்கிறது?

கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை, ஐயா. அடிமட்டத்திலிருந்து உச்சிக்குப் போக அதற்கு ஆறு மணி நேரம். மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மணியில் ஒரு பங்கு ஏறும். பார்த்தால் ஏறுவதே தெரியாது. இரண்டாம் மணியில் இரண்டு பங்கு. மூன்றாம் மணியில் மூன்று. அந்த மூன்றாம் மணியில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு மணி நேரம் சோம்பலாகக் கிடந்த கடல் அப்போது எழுந்து ஓடுகிறது. இன்னொன்று, அது முன்னாலிருந்து வராது. பாதையின் இரண்டு முனையும் மேடு, நடுப்பகுதி பள்ளம். தண்ணீர் இரண்டு பக்கமும் சுற்றிவந்து நடுவில் கைகோக்கும். தீவில் நிற்பவர் காலடியில் கல் காய்ந்தே இருக்கும். பாதை போய்விட்டது என்று அவருக்குத் தெரியாது. கடைசியாக ஒன்று: மாட்டிக்கொண்டால் தேவாலயத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். எவ்வளவு பெரிய ஏற்றத்திலும் தண்ணீர் அதன் வாசற்படியைத் தாண்டியதில்லை. ஒருவேளைச் சாப்பாடு போகும், உயிர் போகாது.

எவ்வளவு அழகாக இருக்கிறது, பார்த்தீர்களா? நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

ராட்னியும் ஹிலரியும் ஜன்னல் வரைக்கும் வந்தார்கள். இரண்டாம் மணியை முடித்து மூன்றாவதுக்கு வாயெடுத்தேன். ராட்னி என் தோளைத் தட்டினார்.

"தெரியும், தெரியும் மொஸ்யே. எங்க ஊரைச் சுத்தியும் கடல்தான். தண்ணி ஏறும், தண்ணி இறங்கும். இதுல பாடம் நடத்த என்ன இருக்கு?"

"ராட்னி, பாவம், அவரு சொல்லட்டும்" என்றாள் ஹிலரி. சொல்லிக்கொண்டே பட்டனின் காதிலிருந்து ஏதோ பூச்சியை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் "பாவம்" எனக்காகத்தான்.

சரி என்று, வீட்டில் வைத்துப் படிக்கட்டும் என்று, கடல் ஏறும், வடியும் நேரங்கள் போட்ட இந்த வருடத்துப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். சின்னப் புத்தகம், நானே ஓரங்களில் படம் வரைந்தது. இரண்டு நாள் கழித்துக் குழாய் பழுது பார்க்கப் போனபோது அது மேஜரின் சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அடியில் நாலாக மடிந்து கிடந்தது. அந்தச் சமையலறைத் தரை சற்றுச் சரிவு. கிண்ணம் ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தார்கள். தீர்வு என்ற முறையில் அது தவறில்லை.

நான் கோபப்படவில்லை. கோபக்காரர்கள் சத்தம் போடுவார்கள். நான் குழாயைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

பௌர்ணமிக்கு மறுநாள், கடல் மிகவும் வற்றும் நாள், மதியம் ராட்னி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். தோளில் பை, பையில் தேநீர்க் குடுவை, இரண்டு நாயும் கயிற்றில்.

"அந்தக் குதிரைத் தீவுக்குப் போறோம். பாடமெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க போதும். பாதை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

ஒரே ஒரு விஷயம் போதும் என்று அவரே கேட்டார். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

"நாலு மணி வரைக்கும்" என்றேன்.

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கைக்கடிகாரத்தை விட ஒரு மணி குறைவாக இருந்தது.

"அப்போ நிறைய நேரம் இருக்கு" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அது கேள்வி அல்ல. இதுவரை வந்த இங்கிலாந்துக்காரர்களிடம் "கடிகாரத்தைத் திருப்பிவிட்டீர்களா" என்று கேட்டிருக்கிறேன், உண்மைதான். அது பாடத்தின் ஒரு பகுதி. அவர் பாடம் வேண்டாம் என்றார். நான் சொன்னதில் பொய் ஏதாவது உண்டா? நாலு மணிக்குப் பாதை மூழ்கியது. இந்த ஊர்க் கடல் இந்த ஊர் நேரத்தில்தான் ஏறும்.

மாடியில் என் தொலைநோக்கி இருக்கிறது. தேவாலயச் சுவரோரம் காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். மேஜர் அலைகளைப் பார்த்துக் குரைத்தான். என் கடிகாரத்தில் நாலு அடித்தபோது பாதையின் நடுவில் தண்ணீர் கைகோத்தது. அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றினார். பிறகு சாவகாசமாகக் கிளம்பினார்கள். மேஜருக்கு ஐந்து மணிக்குச் சாப்பாடு அல்லவா, அதற்குள் வீடு வந்துவிட வேண்டும்.

தேவாலயத்திலேயே உட்கார்ந்திருந்தால் இன்று உங்களுக்கும் எனக்கும் வேலை இல்லை. ஆனால் அது என் விளக்கத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது.

நடுப்பாதைக்கு வந்தபோது முழங்கால் அளவுதான். ஓடினால் கடந்துவிடலாம் என்று தோன்றும். மூன்றாம் மணி அப்படித்தான் தோன்றவைக்கும். இடுப்புக்கு வந்ததும் ராட்னி பட்டனைத் தூக்கித் தன் மேல்சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். அறிவான காரியம் இல்லை. ஒரு கை சட்டைமேல் நாயை அணைத்திருக்க, ஒரு கையால் அந்த நீரோட்டத்தில் யாரால் நீந்த முடியும்? மறு கையைத் தூக்கி என் வீட்டுப் பக்கம் ஆட்டினார். அவர்கள் எதைப் பார்த்தாலும் கையாட்டுகிறவர்கள்.

மரியாதைக்கு நானும் ஆட்டினேன்.

அதன் பிறகு அவரைக் காணவில்லை. ஹிலரி பாதையோரத்து இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். பாதையைக் காட்டுவதற்காக நட்ட கம்பம், நல்ல உறுதி. மேஜர் மட்டும் நேராக நீந்தி வந்தான். லாப்ரடாரின் கால்விரல்களுக்கு நடுவே தோல் உண்டு, வாத்துக்குப் போல. வால் சுக்கான். பார்க்கவே நேர்த்தியாக இருந்தது. என் வாசலில் வந்து நின்று கடலைப் பார்த்துக் குரைத்தான். உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

அப்போதுதான் மரிவொன் வந்தாள், மாவுக் கையோடு. அவள் புருஷன் ஃபாஞ்ச் மீட்புப் படகில் இருப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். படகு அன்று துறையில் தயாராக நின்றது.

"கூல்வென், உன் இங்கிலீஷ்காரங்க மதியம் தீவுக்குப் போனதைப் பாத்தேன். நாய் குரைக்குதே, வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"அவங்களுக்கு அவங்க கடிகாரத்துல சொன்னியா, நம்ம கடிகாரத்துல சொன்னியா? அந்த ஆளு இருக்கானே, ரொட்டிக்கே ஒரு மணி நேரம் லேட்டா வர்றவன்."

"எல்லாம் சொல்லியாச்சு. குளிச்சிட்டிருக்காங்க. நாயை என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க."

"அப்பாடா. ஃபாஞ்சை எழுப்பலாம்னு பாத்தேன். வர்றேன்."

அவள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் தோளுக்கு மேலே எனக்குக் கம்பம் தெரிந்தது. ஹிலரி அப்போதும் அதில் இருந்தாள். நாலாம் மணியிலும் அதே மூன்று பங்கு ஏறும். ஆனாலும் படகு போய்ச் சேர நேரம் இருந்தது. மரிவொனின் கண்ணைத் திருப்ப ஒரு விரலை நீட்டினால் போதும்.

நான் கதவைச் சாத்தினேன். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

ஏன் என்று மறுபடி கேட்கிறீர்கள். உலகத்தில் எல்லாம் விளக்கினால் விளங்கக்கூடியவைதான், ஐயா. கேட்கிற பொறுமை இல்லாதவர்களுக்குக் கடல் வேறு முறையில் விளக்குகிறது. நான் நடுவில் குறுக்கிடவில்லை, அவ்வளவுதான். நான் அவர்களுக்கு எந்தக் கெடுதலும் நினைத்தவன் அல்ல. அன்று மாலை முழுவதும் அவர்களுடைய நாயைத் துண்டால் துடைத்து அடுப்போரம் படுக்கவைத்து, பன்னிரண்டு பங்கையும் முதலிலிருந்து சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டான். மூன்றாம் மணியிலும் எழுந்து போகவில்லை.

அவனை இப்போது உங்கள் காவல் நிலையப் பின்கட்டில் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். காவலுக்கு இருக்கும் பையனிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். மேஜருக்குச் சாப்பாடு ஐந்து மணிக்கு. அந்த ஐந்து இங்கிலாந்துக் கடிகாரத்தில், நம் கடிகாரத்தில் ஆறு. வேறு விளக்கம் எதுவும் தேவையில்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாலே போதும், யாருக்கும் புரிந்துவிடும்.