குருவிக்கு ஒரு தீ

சின்னக் கைக்குக் கையுறை கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை, சார். தீயணைப்புக்காரன் என்றாலே கை முறம் மாதிரி இருக்கும் என்று தைக்கிறவர்கள் நினைத்துவிட்டார்கள். நிலைய அதிகாரி என்ற முறையில் கிடங்குக்காரரின் உயிரை எடுத்துத்தான் குருவிக்குக் கையுறையும் பூட்ஸும் முகத்தில் ஒழுங்காக உட்காரும் புகை முகமூடியும் வரவழைத்தேன்.

குருவி எங்கள் நிலையத்தில் சேர்ந்த முதல் பெண். தேர்வு நாளில் மணல்மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் ஏணி ஏறியதைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பையன்கள் வாயைச் சும்மா வைத்திருப்பார்களா?

"இவ குழாயப் பிடிப்பாளா, இல்ல குழாய் இவளத் தூக்கிட்டுப் போயிடுமா?" என்றார் ஓட்டுநர்.

"தூக்கிட்டுப் போனா உங்க மேலதான்ணே வந்து விழுவேன். மெத்து மெத்துன்னு இருப்பீங்க" என்றாள்.

வண்டிக்கொட்டகையே சிரித்தது. அன்றிலிருந்து ஓட்டுநர் அவளுக்கு உடன்பிறவாத அண்ணன் ஆகிவிட்டார்.

அவளுடைய சிக்கல் வேறு. எங்கள் துறையில் பயிற்சிக்காலம் முடிவதற்குள், ஆள் இருக்கிற கட்டடத்தில் எரியும் தீக்குள் குழாயைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகப் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. எங்கள் ஊர்க்காரர்களோ படு ஜாக்கிரதை. கிணற்றில் விழுந்த பூனை, லிஃப்டில் மாட்டிய மாமா, விரலை விட்டு வராத மோதிரம், இவ்வளவுதான் எங்கள் வீரதீரம். "தீயவே பாக்காத பொண்ண எப்படிய்யா நிரந்தரமாக்குறது?" என்று தலைமையகத்தில் கேட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்ப்பே தராமல் தகுதி போதாது என்பது என்ன நியாயம்?

அதனால் வாய்ப்பை நானே ஏற்படுத்திக் கொடுத்தேன்.

முதலில் சந்தைக்குப் பின்னால் இருந்த குப்பைமேடு. அதை ஒருவரும் மதிக்கவில்லை. அடுத்தது மரக்கடைக் கிடங்கு. குருவி அமர்க்களப்படுத்தினாள், ஆனால் உள்ளே ஆள் இல்லை, கணக்கில் வராது என்றார்கள். சரி, வீடுதான் என்று முடிவு செய்தேன். நன்றாக யோசித்துத்தான் தையல்காரர் வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். கீழே கடை, மேலே அவர் மட்டும். காது கேட்காது. மதியம் சாப்பிட்டதும் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். தூங்குகிறவர் பதறி அங்குமிங்கும் ஓடமாட்டார், புதிதாக மீட்கப் போகிறவளுக்குச் சௌகரியம். சாப்பாட்டுக்குப் போகிற வழியில் வேலையை முடித்துவிட்டு, நிலையத்துக்குத் திரும்பி மணிக்காக உட்கார்ந்திருந்தேன்.

அவள் உள்ளே போன அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், சார். தரையோடு தவழ்ந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், படிக்கட்டு வழியாக அவரை இழுத்து வந்தாள். ஒரு பிசகு கிடையாது. வெளியே வந்தபோது அவருக்கு மூச்சு இல்லை. துணி எரிந்தால் புகை மோசமாகத்தான் இருக்கும். அதில் அவள் குறை எதுவுமில்லை என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறேன். தங்கமான மனிதர், என் சீருடையெல்லாம் அவர் தைத்ததுதான். எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கே அவளை நிரந்தரமாக்கச் சொல்லிப் பரிந்துரை அனுப்பிவிட்டேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் அக்கறை. அவளுடைய சின்ன அளவு உடுப்புகள் நிலையத்துக் கிடங்கில் பூட்டியிருக்கும். மணி அடித்த பிறகுதான் ஓடிப்போய் எடுக்க வேண்டும். பையன்கள் முன்னால் அவள் பிந்திவிடக் கூடாதே என்று, அந்த மூன்று தடவையும் நானே எடுத்து வண்டியில் அவள் இருக்கையில் வைத்திருந்தேன். பூனையைத் தூக்கப் போன நாட்களில் வைக்கவில்லை.

"மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே தீன்னு உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எல்லாம் உனக்காகத்தாம்மா" என்றேன்.

"நான் தூக்குறப்போ அவரு என் கையப் பிடிச்சாரு சார்" என்றாள். அப்புறம் நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், மூன்று தீயையும் வைத்தது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். குருவி வேலையை விட்டுவிட்டாள் என்கிறீர்கள். சின்னப் பெண், அலுத்துப் போயிருக்கும். ஆனால் அந்த இடத்துக்கு மறுபடியும் ஒரு பெண்ணையே எடுக்கச் சொல்லுங்கள், சார். திறந்த கதவை மூடக் கூடாது. புதிதாக வருகிறவளுக்கும் பயிற்சிக்காலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நம் ஊர் இருக்கிற இருப்பில் அவள் தனியாக என்ன செய்வாள், பாவம்? அதற்குள் என்னை வெளியே விட்டுவிடுவீர்கள், இல்லையா?