ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல்

— அப்போ ஜான்சி மேடத்தோட டெமோ ஊத்திக்கிச்சு. அதத்தானய்யா சொல்ல வர்ற?

— இருங்க இளவரசு சார், டீயக் குடிச்சிட்டு சொல்றேன். நாக்கு வறண்டுபோச்சு.

— குடி, குடி. மாஸ்டர், நம்ம லேப் டெக்னீசியன் காத்தவராயனுக்கு இன்னொரு வடை. எச்ஓடி முன்னாடியேவா?

— துறைத் தலைவராச்சே, மொத வரிசையில ஒக்காந்திருந்தாரு. அடுத்த செமஸ்டர் சிக்னல் லேப்பு உங்ககிட்டயே இருக்குமா, அவுங்க கைக்குப் போவுமான்னு இன்னிக்குத்தான முடிவு? மேடம் மைக்கப் போட்டாங்க. ஸ்பீக்கர்ல ஙொய்ங்குன்னு ஒரே இரைச்சல். பேசுன பேச்சு ஒண்ணும் காதுல வுழல.

— ஆவும்யா. ரெண்டு மாசமா பாக்குறேன். ஹெட்போன்லேந்து கழட்டுன மைக்கு, ஆபீஸ்ல தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரு, நெட்ல சும்மா கெடைக்கிற சாஃப்ட்வேரு. இத வச்சி டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் சொல்லிக்குடுத்துருவாங்களாம். கம்பெனிலேந்து வாங்குன நம்ம லேப் கிட்டு பக்கத்துல அது நிக்குமா?

— அந்தக் கிட்டு மேல யாரு சார் கை வச்சா? பன்னெண்டு பேரு சுத்தி நிப்பாங்க, நீங்க சுவிட்சப் போடுவீங்க. அப்புறம் போன வருசத்து ரெக்கார்டு நோட்டப் பாத்து கிராஃப் போடுவாங்க. பாலித்தீன் கவரக்கூட இன்னும் நாம பிரிக்கல.

— பொருளு பத்திரமா இருக்கணும்யா. விசயத்துக்கு வா. எச்ஓடி எந்திரிச்சிப் போயிட்டாரா?

— போவல. மேடம் டேபிளுக்கு அடியில குனிஞ்சி பாத்தாங்க. எர்த் ஒயரு கழண்டு கெடக்குது.

— ஈயம் வச்சி ஒழுங்கா பத்த வச்சிருக்க மாட்டாங்க.

— பத்த வச்சது நானு சார்.

— சரி வுடு. மறுபடி மாட்டிட்டாங்களா?

— மாட்டல. ‘அப்படியே கெடக்கட்டும், இன்னிக்கு நல்ல பாடம் கெடச்சிருச்சி’ன்னாங்க. எர்த் இல்லன்னா கரண்ட்லேந்து இப்படித்தான் இரைச்சல் ஏறும், செகண்டுக்கு அம்பது தடவ அதிருது, அத மட்டும் யாரு எடுக்கிறீங்கன்னு கேட்டாங்க. மங்கலம்பேட்டப் பொண்ணு எழிலரசி, உங்க லேப்ல வாயே தொறக்காது, அது எந்திரிச்சி வந்து நாலு வரி புரோகிராம் டைப் அடிச்சிச்சி. மேடம் பேசிக்கிட்டே இருக்காங்க, இரைச்சல் மட்டும் காணாமப் போச்சு. ஒரே கைத்தட்டு. எச்ஓடியும் தட்டுனாரு.

— எழிலரசியா? எங்கிட்ட இன்டர்னல்ல பாஸ் மார்க்கே வாங்கல அது.

— அதே பொண்ணுதான் சார்.

— ஜான்சிக்கு என்னா யோகம் பாருய்யா. கெட்டதுகூட நல்லதா முடியுது. எனக்கு வயிறு எரியுது. உங்கிட்ட மறைச்சி என்ன பண்ணப்போறேன்?

— தெரியும் சார்.

— லேப்பு அவளுக்குத்தானே?

— அவுங்களுக்குத்தான். அத சொல்லிட்டு எச்ஓடி கெளம்பிட்டாரு.

— முடிஞ்சிதுல்ல. கெளம்பு, கடலூர் பஸ்ஸு வந்துரும்.

— இருங்க சார். டெமோவுக்கு முன்னாடி, மத்தியானம் சாப்புடப் போறப்ப மேடம் மைக்க நிறுத்தாம ரெக்கார்டிங்குல போட்டுட்டுப் போயிருக்காங்க. ஆளில்லாத ரூமுல ஃபேன் சத்தம் எவ்ளோ வருதுன்னு புள்ளைங்களுக்குக் காட்ட.

— மானிட்டரு அணைஞ்சில்ல கெடந்துச்சி.

— மானிட்டரு மட்டுந்தான் சார். கம்ப்யூட்டர் பொட்டி ஓடிக்கிட்டிருந்திச்சி.

— காத்தவராயா.

— எச்ஓடி போனப்புறம் அதப் போட்டாங்க. கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம். அப்புறம் அதுலயும் ஙொய்ங்குன்னு ஆரம்பிச்சிருச்சி. எழிலரசி எழுதுனத அதுமேலயும் ஓட்டிப் பாப்போம்னு புள்ளைங்க கேட்டுச்சுங்க. ஓட்டுனாங்க. இரைச்சல் போயிருச்சி, அடியில ஒரு ஆளு கொரலு.

— எல்லாருமா கேட்டாங்க?

— மேடம் பாய்ஞ்சி நிறுத்துனாங்க, ஒடனே அழிச்சிட்டாங்க. அதுக்குள்ள கிளாஸே கேட்டுருச்சி.

— ஒயரப் புடுங்கிட்டு நான் என்ன பேசுனேன்னே ஞாபகம் இல்லய்யா. அவளத் திட்டிருந்தேனா?

— திட்டல சார். பதினோரு வருசத்துல, பெல்லு அடிச்சப்புறமும் ஒரு புள்ள எங்கிட்ட ஒக்காந்திருந்ததில்லையேன்னு அழுதீங்க.